தனி வகுப்பில் வாய்ப்பாட்டு கற்பித்தல்

ஒரே ஒரு மாணவருக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர், பாடிக்காட்டுவதைவிடக் கேட்பதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் சேர்ந்து பாடும்போது ஒருவருடைய பிசகு மற்றவர்களின் குரலில் மறைந்துவிடும். தனி வகுப்பிலும் ஆசிரியர் விடாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தால் அதே நிலைதான்.

முதல் நாளில் சுருதியை, அதாவது மாணவர் பாடுவதற்கு ஆதாரமான ஒலி உயரத்தை, முடிவு செய்யுங்கள். ஆசிரியரின் சுருதியிலேயே மாணவரையும் பாடவைப்பது எளிது என்றாலும், அதனால் சிரமப்படுவது மாணவரின் தொண்டை. கீழே மந்தர பஞ்சமமும் (கீழ்ஸ்தாயி ‘ப’) மேலே தாரஸ்தாயி காந்தாரமும் (மேல்ஸ்தாயி ‘க’) இழுபறியின்றி வருகின்றனவா என்று பார்த்துக் கட்டையை, அதாவது சுருதியின் அளவை, தேர்ந்தெடுக்கலாம். மகரக்கட்டு (வளரும் பருவத்தில் குரல் உடைவது) தொடங்கிய பையன்களுக்குச் சுருதியைத் தயங்காமல் இறக்கிவிட்டு, மேல்ஸ்தாயிப் பயிற்சியைச் சில காலம் ஒத்திவைப்பது நல்லது.

ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடும் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை 15ஆவது மேளமான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையில் தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு: ச ரி க ம என்பதில் உள்ள இடைவெளிகளே ப த நி ச என்பதிலும் அமைந்திருப்பதால், கீழ்ப்பாதி பிடிபட்டவருக்கு மேல்பாதியும் வசப்படும். ஆனால் இந்த ராகத்தின் சுத்த ரிஷபம் (தாழ்ந்த ‘ரி’) பலருக்கு மேலே ஏறிவிடும். என்னிடம் பயிலும் ஒரு சிறுமிக்கும் அப்படித்தான் இருந்தது. ‘தப்பு’ என்று சொல்லாமல், தம்புராவோடு ஷட்ஜத்தை (‘ச’) மூச்சு முடியும்வரை பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து ரிஷபத்தை மட்டும் மெதுவாகத் தொடச் சொன்னேன். நான்காவது முறை அவளே பாதியில் நிறுத்தி, "இப்பச் சேருது மிஸ்" என்றாள். அந்தச் சேர்க்கையை மாணவரின் காது தானே கண்டுகொள்ளும்வரை அடுத்த வரிசைக்குப் போகாதீர்கள்.

தாளத்தில் பிசகு பெரும்பாலும் மூன்றாம் காலத்தில், அதாவது மூன்றாவது வேகத்தில், தெரியவரும். ஏறி இறங்கும் 16 ஸ்வரங்கள் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் முதல் காலத்துக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), இரண்டாம் காலத்துக்கு ஒன்று, மூன்றாம் காலத்துக்கு அரை என்பதால், கடைசியில் வரிசையை இருமுறை பாடினால்தான் ஆவர்த்தனம் நிறையும். பாட்டு வேகமெடுக்கும்போது கையும் கூடவே ஓடினால், மாணவரைத் தாளம் மட்டும் போடச் சொல்லி மூன்று காலத்தையும் நீங்கள் பாடுங்கள். பிறகு பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடங்களில் புதிய பாடம் வேண்டாம். வீட்டில் பயில வேண்டிய ஒரே ஒரு வரியை மாணவர் உங்கள் துணையின்றிப் பாடட்டும். அதைக் கைபேசியில் பதிவு செய்து கொடுத்தனுப்பி, அடுத்த வகுப்பை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.