நினைவு மாதிரிகளைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நினைவைப் பற்றிய பாடம் என்றால் ஒரு படம் கட்டாயம் இருக்கும். புலன் பதிவு (கண்ணும் காதும் வாங்கியதைக் கணநேரம் வைத்திருப்பது), குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு என்று மூன்று பெட்டிகள், நடுவில் அம்புக்குறிகள். 1968-இல் உளவியலாளர்கள் ஆட்கின்சனும் ஷிஃப்ரினும் முன்வைத்த மாதிரி அது. நல்ல மாதிரிதான். அதை மூளையின் வரைபடமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு.

'நேற்று நடந்தது மறந்துபோச்சு, எனக்குக் குறுகிய கால நினைவு சரியில்லை' என்று பலரும் சொல்கிறார்கள். உளவியலில் குறுகிய காலம் என்பது விநாடிக் கணக்கு. 1959-இல் பீட்டர்சன் தம்பதி மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, அவற்றை மனதுக்குள் உருப்போட முடியாதபடி ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிகளில் பெரும்பாலும் மறந்துபோயின. நேற்றைய சங்கதி எல்லாம் நீண்ட கால நினைவின் கணக்கில்தான் வரும்.

அடுத்தது, குறுகிய கால நினைவில் ஏழுதான் நிற்கும் என்று சொல்வார்களே, அந்த ஏழு. 1956-இல் மில்லர் ஏழு என்றது தனித்தனி இலக்கங்களை அல்ல, தொகுப்புகளை. 191419452000 என்பதை 12 இலக்கங்களாகப் பார்த்தால் திணறுவோம். 1914, 1945, 2000 என்று மூன்று ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. 2001-இல் கோவன் அந்த ஏழையும் ஏறக்குறைய நான்காகக் குறைத்துவிட்டார்.

பெரிய தவறு அம்புக்குறியில் இருக்கிறது. குறுகிய கால நினைவு வாசல், அதைத் தாண்டாமல் எதுவும் உள்ளே போகாது என்று படம் சொல்கிறது. அப்படியானால் வாசல் பழுதானவருக்குப் புதிதாக எதுவுமே பதியக்கூடாது. ஆனால் 1970-இல் ஷாலிஸும் வாரிங்டனும் விவரித்த கே.எஃப். என்ற நோயாளியைப் பாருங்கள். எண்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டால் ஒன்றிரண்டுக்கு மேல் அவரால் முடியவில்லை. நீண்ட காலத்துக்குக் கற்றுக்கொள்வதில் குறையே இல்லை! அதோடு, காதால் கேட்டதில்தான் அதிகம் தடுமாறினார். கண்ணால் பார்த்ததில் அவ்வளவு இல்லை. ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. 1974-இல் பேட்லியும் ஹிட்சும் அந்த இடத்தில் செயல்படு நினைவை வைத்தார்கள்: ஒலிக்கு ஒரு பகுதி, காட்சிக்கு ஒரு பகுதி, இரண்டையும் மேய்க்க ஒன்று. இதைக் குறுகிய கால நினைவின் புதுப்பெயர் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. தகவலைச் சும்மா வைத்திருப்பது வேறு, வைத்துக்கொண்டே கணக்குப் போடுவது வேறு.

நீண்ட கால நினைவும் ஒரே பெட்டி இல்லை. 1953-இல் மூளையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு எச்.எம். என்ற நோயாளியால் புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே ஞாபகம் இல்லாமல்.

அப்புறம் உருப்போடுவது. திரும்பத் திரும்பச் சொன்னாலே உள்ளே போய்விடும் என்ற நம்பிக்கையும் படத்திலிருந்து வந்ததுதான். 1972-இல் கிரெய்க்கும் லாக்ஹார்ட்டும் எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு ஆழமாக என்பதே முக்கியம் என்று வாதிட்டார்கள். பொருளை யோசித்துப் படித்தது அதிகம் நிற்கும். 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, பாடத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள்.