சேலத்துல இருந்து இங்கிலாந்து போறீங்களா, வீட்டுச் சாவி வாங்கறதுக்கு முன்னாடி கரண்ட் ரிப்போர்ட் கேளுங்க

இங்கிலாந்துல இருந்து லீவுக்கு வந்திருக்கேன், அம்மாபேட்டையில எங்க சித்தி பையன் அடுத்த மாசம் லெஸ்டர் போறான், நேத்து அவனுக்கு பெட்டி கட்டறப்போ சொன்னதை புதுசா போறவங்க எல்லாருக்கும் எழுதிடறேன்.

நம்ம ஊர்ல வாடகை வீட்ல ஃபியூஸ் போனா நாமளே கட்டையை உருவி கம்பி சுத்திப் போட்டுக்குவோம், பெரிய ரிப்பேர்னா தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கைக்காசு குடுத்துருவோம், ஹவுஸ் ஓனர்கிட்ட போய் நின்னா "நீங்கதானே யூஸ் பண்றீங்க"ன்னுருவாரு. அந்தப் பழக்கத்தை இங்கயே விட்டுட்டுப் போங்க.

இங்கிலாந்துல 2020ல சட்டமே வந்துருச்சு. ஓனர் 5 வருஷத்துக்கு ஒரு தடவையாவது தகுதியான ஆளை வச்சு வயரிங், பிளக் பாயிண்ட், ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம் செக் பண்ணி ரிப்போர்ட் வாங்கணும், அதை இ.ஐ.சி.ஆர்.னு சொல்லுவாங்க, நீங்க குடி போறதுக்கு முன்னாடியே ஒரு காப்பி உங்க கைக்கு வரணும். அதுல சி1னு போட்டிருந்தா இப்பவே ஆபத்து, சி2ன்னா ஆபத்து ஆகலாம், எஃப்.ஐ.னா இன்னும் தோண்டிப் பாக்கணும். இந்த மூணுல எது இருந்தாலும் 28 நாளுக்குள்ள, ரிப்போர்ட்ல அதைவிட சீக்கிரம்னு எழுதியிருந்தா அதுக்குள்ள, ஓனர் தன் செலவுல சரி பண்ணியாகணும். சி3 மட்டும்னா பயப்பட வேண்டாம், பண்ணினா நல்லதுங்கற யோசனைதான்.

நான் போன முதல் வருஷம் கிச்சன்ல ஒரு பாயிண்ட் தொட்டாலே சுடும், பிளக்கை உருவுனா தீஞ்ச வாடை, அட்வான்ஸை புடிச்சுக்குவாங்களோன்னு பயந்து ரெண்டு மாசம் வாயே திறக்கலை. கூட இருந்த யாழ்ப்பாணத்து அக்காதான் "ஏன் தம்பி பயப்படுறீங்கள், ஏஜென்டுக்கு எழுதிப் போடுங்கோ"ன்னாங்க. எழுதினேன், ஆள் வந்து கழட்டிப் பாத்தா உள்ள வயர் லூஸாகி பிளாஸ்டிக் உருகிக் கிடக்கு, பக்கத்துலயே எண்ணெய் பாட்டில் வச்சிருந்தோம், இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. ஃபோன்ல சொல்றதோட விடாதீங்க, போட்டோ எடுத்து தேதியோட ஈமெயில் போடுங்க, அசையலைன்னா உங்க ஏரியா கவுன்சில்ல (நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி) வாடகை வீட்டு விஷயம் பாக்கறவங்ககிட்ட சொல்லலாம், அவங்களுக்கு நோட்டீஸ் விடவும் ஃபைன் போடவும் அதிகாரம் இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனிங்க, ஓனர் குடும்பம் இருக்கற வீட்லயே ஒரு ரூம் எடுத்து அவங்க கிச்சன் பாத்ரூமை சேர்ந்து யூஸ் பண்ணினா இந்தச் சட்டம் உங்களுக்கு வராது, நம்ம பசங்க நிறைய பேர் முதல்ல அப்படித்தான் தங்கறாங்க, அதனால ரூம் பாக்கப் போறப்பவே பாயிண்ட்ல விரிசல், கருகின கறை இருக்கான்னு பாத்துருங்க.

நீங்க கொண்டு போற சாமான் உங்க பொறுப்பு. அங்கயும் 230 வோல்ட்தான், நம்ம மிக்ஸி கிரைண்டர் ஓடும், ஆனா எர்த் இல்லாத மலிவு அடாப்டர்ல மாட்டாதீங்க, ஈரக்கையோட தொடற சாமான் அது. எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து அந்த ஊர் மூணு பின் பிளக்கா மாத்திக்கங்க. பிளக்குக்குள்ளயே ஃபியூஸ் இருக்கும், 700 வாட்ஸ் வரைக்கும் 3 ஆம்ப், அதுக்கு மேல 13 ஆம்ப். ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகவே சொருகாதீங்க, அந்தக் குளிர்ல எல்லாரும் பண்ற தப்பு அதுதான்.