படுக்கையறைப் பிசுபிசுப்பு குறைந்த விதம்

திருவான்மியூரில் கடலுக்கு அருகே வீடு. மெத்தை எப்போதும் பிசுபிசுக்கும்; பீரோவின் பின்சுவரில் பூஞ்சை படரும். ஈரப்பதமானி 82 சதவீதம் காட்டியது. 60க்குக் கீழே வந்தால்தான் பூஞ்சை அடங்கும்.

அறைக்குள் துணி உலர்த்துவதை நிறுத்தினோம். குளித்த பிறகும் சிறிது நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினோம்.

பெரும்பலன் தந்தது ஏசியின் 'டிரை' முறைதான். ஜன்னல்களை மூடி, விசிறியின் வேகத்தைக் குறைத்ததும் காற்றிலிருந்த ஈரம் குளிர்சுருளில் நீராகி வெளிக்குழாயில் ஓடியது. இரவில் அளவு 58க்கு இறங்கியது. கடலோரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து ஏர் கூலர் வாங்காதீர்கள். நீரை ஆவியாக்கித்தான் அது குளிரூட்டுகிறது, அந்த ஈரமெல்லாம் அறையிலேயே தங்கும். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா பீரோவுக்குள் வைக்க நல்லது. முழு அறைக்குப் போதாது.