வீட்லயே கெஜரேட்டர் செய்யப் போறீங்களா, நுரைக்கு பீரைத் திட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கெஜரேட்டர்னா பீர் பீப்பாயை உள்ள வச்சு, வெளிய டேப்புல புடிச்சுக்கற மாதிரி மாத்தின ஃப்ரிட்ஜ். என் முதல் கெஜரேட்டர்ல புடிச்ச முதல் கிளாஸ்ல முக்கால்வாசி நுரை, அடியில ரெண்டு விரல் அளவு தான் பீர். பல வாரம் காத்திருந்து ப்ரூ பண்ணது (வீட்லயே பீர் காய்ச்சினது), மனசே விட்டுப் போச்சு. ஈஸ்ட் சரியில்லயோ, மால்ட் சரியில்லயோன்னு ஒரு மாசம் பீரையே குறை சொல்லிட்டு இருந்தேன். கடைசில பாத்தா பீர்ல ஒரு தப்பும் இல்ல, டியூப் நீளம் பத்தல, அவ்ளோ தான்.

ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு கெக் (பீர் அடைக்கற ஸ்டீல் பீப்பாய்), ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், டேப்பு (பீர் புடிக்கற குழாய்). சாமான் லிஸ்ட் இவ்ளோ தான், அதனால ஒரு லீவு நாள்ல முடிச்சிடலாம்னு தோணும், முடிச்சிடவும் முடியும். ஆனா எல்லாரும் காசையும் நேரத்தையும் கண்ணுக்குத் தெரியற டேப்புலயும் மரவேலைலயும் பெயிண்ட்லயும் போட்டுட்டு, ஃப்ரிட்ஜுக்குள்ள சுருண்டு கிடக்கிற டியூப்பையும் ஒரு சின்ன வாஷரையும் கண்டுக்கறதே இல்ல, படுத்தறது பூரா அதுங்க தான்.

முதல்ல ஃப்ரிட்ஜ் வாங்கறப்பவே நடக்கற தப்பு. லிட்டர் கணக்கு பாத்து வாங்கிடுவாங்க, கெக் உள்ள நிக்குமான்னு பாக்க மாட்டாங்க. வீட்ல ப்ரூ பண்றவங்க அதிகமா வச்சிருக்கறது 19 லிட்டர் கார்னி கெக், அதுல டியூப் மாட்டற விதத்தை வச்சு பால் லாக், பின் லாக்னு ரெண்டு வகை, பால் லாக் கிட்டத்தட்ட 63, 64 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும், பின் லாக் கொஞ்சம் குட்டை ஆனா குண்டு. உயரம் அளக்கறப்ப மேல மாட்டற டிஸ்கனெக்ட்டையும் (டியூப்பை கெக்கோட இணைக்கற மூக்கு) அதுல இருந்து டியூப் வளையற இடத்தையும் சேத்து அளக்கணும், இதை மறந்துட்டு கதவு மூடலயேன்னு நிக்கறவங்க நிறைய. அடியில பின்பக்கம் கம்ப்ரசருக்காக ஒரு மேடு இருக்கும், கதவு உள்பக்கம் பாட்டில் வைக்கற தட்டு துருத்திட்டு இருக்கும், ரெண்டுமே இடத்தைத் தின்னும். அட்டைய கெக் சைஸுக்கு உருட்டி ஒட்டி உள்ள வச்சு கதவை மூடிப் பாத்துடுங்க, பத்து நிமிஷ வேலை. நிரம்பின கெக் 23 கிலோ பக்கம் வரும், அதைக் கண்ணாடித் தட்டு மேல வைக்கற ஐடியாவெல்லாம் வேணாம்.

சின்ன ஃப்ரிட்ஜ்னா மேல ஒரு ஐஸ் பெட்டி இருக்கும், இடம் பத்தலன்னு அதை வளைச்சு பின்னாடி தள்ளறவங்க உண்டு. அந்தத் தகட்டுக்குள்ள தான் குளிர்விக்கற கேஸே ஓடுது. மெதுவா வளைச்சு தப்பிச்சவங்களும் இருக்காங்க, ஒரு விரிசல் விழுந்து ஃப்ரிட்ஜையே தூக்கிப் போட்டவங்களும் இருக்காங்க. என்னைக் கேட்டா அதைத் தொடாதீங்க, வேற ஃப்ரிட்ஜ் பாருங்க.

டிரில் பண்றதும் அதே கதை தான். கதவு வழியா ஓட்டை போடறது பொதுவா பாதுகாப்பு, கதவுல கேஸ் பைப் போகாது, தண்ணி டிஸ்பென்சர் வச்ச மாடல்னா மட்டும் வயரும் தண்ணிக் குழாயும் இருக்கும். ஆனா பக்கச் சுவர்ல நிறைய ஃப்ரிட்ஜுக்கு பைப் ஓடுது, செஸ்ட் ஃப்ரீசர்னா சுவர் முழுக்க சுத்தி சுத்தி ஓடும். இப்ப வர்ற ஃப்ரிட்ஜ் பலதுல இருக்கறது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கற கேஸ், அதனால ஒரு குத்து தப்பா விழுந்தா ஃப்ரிட்ஜ் போறதோட நிக்காது. மேல டவர் (டேப்பு மாட்டற தூண்) வைக்கறதுக்காக கூரைல தான் ஓட்டை போட்டாகணும்னா, சோள மாவை (கார்ன்ஃப்ளார்) ஸ்பிரிட்ல குழைச்சு மெல்லிசா தடவிட்டு கம்ப்ரசரை ஓட விடுங்க, பைப் போற இடம் சூடாகி அந்தக் கோடு மட்டும் முதல்ல காயும். அதுக்கப்புறமும் ஒரேயடியா டிரில்லை இறக்காம, பிளக்கைப் புடுங்கிட்டு வெளித் தகட்டை மட்டும் வெட்டி, உள்ள இருக்கற ஃபோமை கையால தோண்டி விரல் விட்டு தடவிப் பாத்துட்டு இறங்குங்க. செஸ்ட் ஃப்ரீசருக்கு இந்த வம்பே வேணாம், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல மரத்துல ஒரு சட்டம் அடிச்சு உக்கார வச்சுட்டா டேப்பை மரத்துல மாட்டிக்கலாம், கூடுதலா உயரமும் கிடைக்கும்.

ஃப்ரீசரை அப்படியே ஓட்டினா மைனஸ் 18 டிகிரிக்கு இழுத்துட்டுப் போகும், 5 சதவீத ஆல்கஹால் இருக்கற பீர் மைனஸ் 2, 3 லயே உறைய ஆரம்பிச்சிடும். அதனால வெளிய ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் கட்டாயம். இதுல எல்லாரும் பண்ற தப்பு சென்சாரை காத்துல தொங்க விடறது. கதவு திறந்த உடனே உள்ள காத்து சூடாகும், கம்ப்ரசர் ஓடும், ரெண்டு நிமிஷத்துல நிக்கும், திரும்ப ஓடும், இப்படியே போனா கம்ப்ரசர் ரொம்ப நாள் தாங்காது. சென்சாரை கெக் மேல செலோ டேப் போட்டு ஒட்டி அதுக்கு மேல ஒரு துண்டு ஃபோம் வச்சு மூடுங்க, இல்லன்னா ஒரு தண்ணி பாட்டில்ல போடுங்க. கண்ட்ரோலர்ல கம்ப்ரசர் டிலேன்னு ஒண்ணு இருக்கும் (நின்ன கம்ப்ரசர் திரும்ப ஓட விடற இடைவெளி), அதை 3ல இருந்து 5 நிமிஷம் வரைக்கும் வச்சுக்கங்க. உள்ள ஈரம் சேந்து பூஞ்சை பிடிக்கும், அதுக்கு ஈரம் உறிஞ்சற டப்பா ஏதாவது போட்டு வைங்க.

இனி கேஸ். ரெகுலேட்டர்ல ரெண்டு மீட்டர் இருக்கும், ஒண்ணு கெக்குக்குப் போற பிரஷர், இன்னொண்ணு சிலிண்டர் பிரஷர். சிலிண்டர் மீட்டரைப் பாத்து கேஸ் பாதி இருக்குன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, உள்ள இருக்கறது திரவம், அது ஒரு சொட்டு மிச்சம் இருக்கற வரைக்கும் மீட்டர் ஒரே அளவைத் தான் காட்டும். 20 டிகிரில 830 பிஎஸ்ஐ (பிரஷர் அளக்கற யூனிட்) பக்கம் காட்டும், அதே சிலிண்டரை 4 டிகிரி ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சா 560 பக்கம் இறங்கிடும். ஒருத்தர் இதைப் பாத்துட்டு ராத்திரியோட ராத்திரி கேஸ் லீக் ஆயிடுச்சுன்னு எல்லா ஜாயிண்டையும் கழட்டிட்டார், கழட்டி மாட்டினதுல தான் நிஜமாவே லீக் ஆச்சு. எவ்ளோ கேஸ் இருக்குன்னு தெரியணும்னா தராசுல வைங்க, வேற வழி கிடையாது. சிலிண்டர் எப்பவும் நின்ன நிலைல இருக்கணும், படுக்க வச்சா திரவம் ரெகுலேட்டருக்குள்ள போயிடும்.

நிஜ லீக்கை எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, ஒரு கணக்கு சொல்றேன். 19 லிட்டர் பீரை கார்பனேட் பண்ணி (கேஸைக் கரைய வச்சு) கடைசி கிளாஸ் வரைக்கும் தள்ளறதுக்கு 200 கிராமுக்குள்ள தான் கேஸ் ஆகும். அப்ப 2.3 கிலோ சிலிண்டர் பல கெக் வரணும், முதல் கெக்லயே காலின்னா எங்கயோ போயிட்டு இருக்கு. சோப்பு தண்ணிய எல்லா ஜாயிண்ட்லயும் தடவி குமிழி வருதான்னு பாருங்க, முக்கியமா சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவுல இருக்கற வாஷர் (அதைப் போடவே மறந்தவங்க கூட்டத்துல நானும் ஒருத்தன்), கெக் மூடியோட பெரிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்), போஸ்ட்டுல (கெக் மேல டிஸ்கனெக்ட் மாட்டற முனை) இருக்கற குட்டி ஓ-ரிங். மூடி சரியா உக்காரணும்னா ஓ-ரிங்ல சாப்பாட்டுக்கு ஒத்துக்கற சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒரு தடவை 30 பிஎஸ்ஐ குடுத்து அமுக்கி உக்கார வச்சுட்டு அப்புறம் குறைச்சுக்கலாம். அப்படியே மூடில இருக்கற வால்வை நாலஞ்சு தடவை இழுத்து விட்டா உள்ள இருக்கற காத்தும் வெளிய போயிடும், ஆக்சிஜன் பட்ட பீர் நாளாக நாளாக ஈர அட்டை மாதிரி ருசிக்கும்.

கேஸ் டிஸ்கனெக்ட்டை பீர் போஸ்ட்டுல அழுத்தி மாட்டிட்டு கழட்ட முடியாம தவிக்கறதும் சகஜம். பால் லாக்ல கேஸ் போஸ்ட்டோட அடியில சின்ன வெட்டு இருக்கும், டிஸ்கனெக்ட் கேஸுக்கு சாம்பல் கலர் பீருக்கு கருப்பு, தள்ளு முள்ளு இல்லாம உக்காரலன்னா அது அந்த இடத்துக்கானது இல்லன்னு அர்த்தம். இன்னொண்ணு, காத்தோட்டம் இல்லாத சின்ன ரூம்ல இதை வைக்காதீங்க. கார்பன் டை ஆக்சைடு காத்தை விட கனம், தரையோட தங்கும், ஒரு சிலிண்டர் முழுசா லீக் ஆனா அந்த ரூம்ல இருக்கறவங்களுக்கு ஆபத்து, இது விளையாட்டு இல்ல.

சரி, நுரைக்கு வருவோம், ஏன்னா பாதி பேர் இங்க தான் மாட்டறாங்க. பீருக்குள்ள கேஸ் எவ்ளோ கரைஞ்சு இருக்கும்ங்கறத முடிவு பண்றது டெம்பரேச்சரும் பிரஷரும். 3, 4 டிகிரில 11, 12 பிஎஸ்ஐ வச்சா பீர்ல 2.5 வால்யூம் கேஸ் நிக்கும், அதாவது ஒரு லிட்டர் பீர்ல ரெண்டரை லிட்டர் கேஸ், சாதாரண ஏல், லாகர் வகை பீருக்கு அது போதும். இப்ப அந்த 12 பிஎஸ்ஐ கெக்ல இருந்து பீரைத் தள்ளிட்டு வருது, டேப்புக்கு வெளிய தள்ற பிரஷர் ஜீரோ. அந்த 12ம் வழியிலயே கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு வரணும், அதைக் குறைக்கற முக்கியமான ஆள் டியூப். உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் இருக்கற டியூப் 3 மீட்டர் போட்டா பீர் நிதானமா வந்து விழும். ரெடிமேட் கிட்ல பல நேரம் 5 அடி தான் குடுக்கறாங்க, அது பத்தாது. இன்னும் மோசம், உள்விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல இருக்கற டியூப் தான் கிடைச்சுதுன்னு மாட்டறது, அதுல உராய்வு ரொம்ப கம்மி, பீர் தண்ணிக் குழாய் மாதிரி பீச்சி அடிச்சு கேஸ் மொத்தமும் கிளாஸ்ல வெளிய வந்துடும். நீளமா போட்டு ஆரம்பிங்க, ரொம்ப மெதுவா வந்தா கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கலாம், வெட்டினதை ஒட்ட முடியாது.

நுரை வந்த உடனே எல்லாரும் கை வைக்கறது ரெகுலேட்டர்ல, 12ஐ 5 ஆக்குவாங்க. அன்னிக்கு கிளாஸ் ஓரளவு சரியா வரும், சாயந்திரமே சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. ஆனா ரெண்டு நாள்ல கரைஞ்ச கேஸ் மேல ஏறி டியூப்லயே குமிழியா நிக்கும், அப்ப நுரையும் வரும், பீரும் சப்புன்னு ஆயிடும். டெம்பரேச்சருக்கு ஏத்த பிரஷரை அப்படியே விட்டுட்டு டியூப்பை மாத்தறது தான் சரி. ஃப்ரிட்ஜ் 10 டிகிரில ஓடிட்டு இருந்தா அதே 2.5 வால்யூமுக்கு 17, 18 பிஎஸ்ஐ வேணும், அப்ப டியூப்பும் இன்னும் நீளணும், அதனால முதல்ல தெர்மாமீட்டரை ஒரு கிளாஸ் பீர்ல வச்சே பாருங்க, ஃப்ரிட்ஜ் டயல்ல இருக்கற நம்பரை நம்பாதீங்க.

முதல் கிளாஸ் மட்டும் நுரை, ரெண்டாவதுல இருந்து ஓகேன்னா அது வேற வியாதி. மேல டவர் வச்சிருந்தா அதுக்குள்ள நிக்கற பீர் சூடாகுது, அதான் காரணம். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின ஒரு குட்டி ஃபேனும் ஒரு குழாயும் வச்சு ஃப்ரிட்ஜோட அடியில இருக்கற குளிர் காத்தை டவருக்குள்ள ஏத்தி விட்டா போதும். அப்புறம் டேப்பை பாதி திறந்து மெதுவா புடிக்கறது, பாக்க ஜாக்கிரதையா தெரியும், ஆனா அந்த இடுக்குல தான் நுரையே கிளம்புது, முழுசா ஒரே இழுப்பா திறங்க.

அவசரமும் ஒரு தப்பு தான். 30 பிஎஸ்ஐ வச்சு கெக்கை உருட்டி ஆட்டி ஒரே நாள்ல ரெடி பண்ணலாம்னு சொல்வாங்க, பண்ணலாம், எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சா. எனக்கு ஒரு தடவை தூங்கிப் போய், எழுந்து பாத்தா பீருக்குப் பதிலா தீயணைப்பு சிலிண்டர் மாதிரி இருந்துது, கேஸைத் திறந்து விட்டு திறந்து விட்டு அதைச் சரி பண்ண மூணு நாள் ஆச்சு. 12 பிஎஸ்ஐல வச்சுட்டு ஒன்றரை, ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகாம இருந்தா அதுவா சரியான இடத்துல வந்து நிக்கும்.

டேப்பு வாங்கறதுல, பித்தளைக்கு மேல குரோம் பூசினது விலை கம்மி தான், ஆனா பீர் பிஎச் 4 பக்கம் இருக்கற புளிப்பு, பூச்சு போனதும் பித்தளை ருசி இறங்கும். முடிஞ்சா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய டிசைன்ல வால்வு பின்னாடி இருக்கும், டேப்போட முன்பக்கம் பீர் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டிக்கும், ரெண்டு நாள் தொடலன்னா லீவர் அசையாது, முன்பக்கமே மூடற வகைல அந்தத் தொல்லை கம்மி. எந்த டேப்பா இருந்தாலும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை லைன்ல பீர் லைன் கிளீனர் ஓட்டி, நல்லா தண்ணி விட்டு அலசி, சானிடைசர் விடுங்க. டேப்பைக் கழட்டி உள்ள ஒரு பிரஷ் விட்டுப் பாருங்க, ரொம்ப நாள் தொடாம விட்டிருந்தா உள்ள இருந்து வர்றதைப் பாத்துட்டு அன்னிக்கு பீர் குடிக்கவே தோணாது.