ரப்பர் விளையில் நின்று பிரேசிலைப் படிப்பது எப்படி?

கால்பந்து உலகக் கோப்பை நடக்கிற வருஷங்களில் எங்கள் குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து அருமனை, குலசேகரம் வரைக்கும் முக்குக்கு முக்கு பிளெக்ஸ் தொங்கும். பிரேசில் ஒரு பக்கம், அர்ஜென்டினா எதிர்ப்பக்கம், நடுவில் டீக்கடை. போன தடவை மஞ்சள் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பையனிடம், "பிரேசிலுக்குத் தலைநகர் எதுடே?" என்று கேட்டேன். ஏணியில் நின்றபடியே "ரியோ" என்றான். அடுத்த வாரம் அக்கா மகள் பிரேசில் பற்றிப் பள்ளிக்கூட புராஜெக்ட் என்று வந்து நின்றாள். காடு ஒரு படம், பந்து ஒரு படம், தலையில் இறகு வைத்து ஆடுகிற பெண் ஒரு படம், ஒட்டியும் முடித்துவிட்டாள். அதைப் பிய்க்கச் சொல்லிவிட்டு நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் ஆகும். தேவைப்படுவது ஒரு அட்லஸ், ஒரு கிலோ மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு, அவ்வளவுதான்.

முதலில் அளவு பிடிபட வேண்டும். 85 லட்சம் சதுர கி.மீ. என்று மனப்பாடம் செய்தால் சாயங்காலமே மறந்துபோகும். டிரேசிங் தாளில் இந்தியாவை வரைந்து வெட்டி பிரேசில் மேல் வைத்துப் பாருங்கள், இரண்டரை இந்தியா கொள்ளும். (தட்டையான படத்தில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நாடுகள் ஊதித் தெரியும், அதனால் உலக உருண்டை கிடைத்தால் அதில் செய்வது நல்லது.) தமிழ்நாடு என்றால் 65 வைக்கலாம். தென் அமெரிக்காவில் சிலி, ஈக்வடார் இரண்டைத் தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் பிரேசிலோடு வேலி உண்டு. அப்புறம் இரண்டு கோடு போடுங்கள்: வடக்கே அமேசான் ஆற்று முகத்தை ஒட்டி நிலநடுக்கோடு, தெற்கே சாவ் பாவ்லோ பக்கம் மகரரேகை. நாட்டில் பெரும்பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடப்பதால் அங்கே டிசம்பர் கோடை, ஜூன் குளிர். எல்லாவற்றுக்கும் பச்சை அடித்துவிடாதீர்கள், எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். வடகிழக்கு உள்நாடு முள்ளும் கள்ளியுமான வறண்ட பூமி, மழை பொய்த்தால் ஊரைக் காலி செய்துகொண்டு போகிற சீமை. நடுவில் புல்லும் குட்டை மரமுமான மேட்டு நிலம், மேற்கே பந்தனால் என்ற பெரிய சதுப்பு, தெற்குக் கோடியில் மாடு மேய்க்கிற புல்வெளி.

பெயர் எப்படி வந்தது என்று தெரிய டீக்கடைக்குப் போங்கள். திருவனந்தபுரம் பக்கம் ஓட்டலில் உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக ஒரு சுடுவெள்ளம் வைப்பார்களே, அது பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். அந்தக் கட்டையில் சிவப்புச் சாயம் இறங்கும். ஐரோப்பிய வியாபாரிகள் ஆசியாவிலிருந்து போன இந்தச் சாயக்கட்டையைத்தான் முதலில் 'பிரசில்' என்று சொன்னார்கள். அட்லாண்டிக் கரையில் இதே சாயம் தருகிற பங்காளி மரம் ஒன்று போர்ச்சுகீசியருக்குக் கிடைத்ததும் அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். நாட்டுக்கு அவர்கள் முதலில் வைத்தது சிலுவையின் பெயர். கடைசியில் மரத்தின் பெயர்தான் நின்றது.

இன்னொரு ஒட்டுறவும் இருக்கிறது. 1500 ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரையைக் கண்ட பெத்ரு ஆல்வரிஸ் கப்ரால் அங்கே போவதற்காக லிஸ்பனிலிருந்து கிளம்பியவர் இல்லை, 13 கப்பலோடு கோழிக்கோட்டுக்குப் புறப்பட்டவர். பிரேசிலில் ஏறக்குறைய பத்து நாள் தங்கி, ஒரு கப்பலைச் செய்தியோடு ஊருக்குத் திருப்பிவிட்டு, வழியில் சிலதைப் புயலில் இழந்து, செப்டம்பரில் ஆறு கப்பலோடு கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அங்கே சண்டை மூண்டது, ஊரைப் பீரங்கியால் அடித்துவிட்டுக் கொச்சிக்குப் போய் மிளகு ஏற்றினார். புராஜெக்டில் "பிரேசிலைக் கண்டுபிடித்தார்" என்று எழுதப்போனவளை நிறுத்தினேன். துப்பி மொழி பேசிய ஜனங்கள் கரையில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

வரலாற்றை ராஜா வரிசையில் படிக்காமல் மூன்று தலைநகரில் தொங்கவிடுங்கள். 1549 முதல் 1763 வரை சல்வடோர். அப்போது பணம் என்றால் கரும்பு, கரும்பு என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவந்த அடிமைகள். மொத்தக் காலத்திலும் ஏறக்குறைய 48 லட்சம் பேர் அந்த நாட்டில் இறக்கப்பட்டார்கள், அமெரிக்கக் கண்டங்களில் வேறெங்கும் இவ்வளவு இல்லை. சம்பா நடனம், கபொய்ரா என்ற தற்காப்பு ஆட்டம், காராமணியை அரைத்துப் பாமாயிலில் பொரிக்கிற அக்கராஜே வடை என்று இன்றைக்கு பிரேசில் அடையாளமாகச் சொல்கிற பாதிக்கு அவர்கள்தான் வேர். இந்தப் பத்தியை விட்டுவிட்டு கார்னிவல் படம் ஒட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அடுத்தது ரியோ, 1763 முதல் 1960 வரை. மினாஸ் ஜெராய்ஸ் மலையில் தங்கம் கிடைத்த பிறகு அதை ஏற்றுகிற துறைமுகத்துக்குத் தலைநகர் நகர்ந்தது. 1808இல் நெப்போலியனுக்குப் பயந்து போர்ச்சுகல் அரச குடும்பமே கப்பலேறி இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது, காலனியிலிருந்து தாய்நாட்டை ஆண்ட வேடிக்கை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை பெத்ருதான் 1822 செப்டம்பர் 7இல் விடுதலை அறிவித்துப் பேரரசர் ஆனார். அடிமை முறை ஒழிந்தது 1888 மே 13, அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக. மறு வருஷமே முடியாட்சியும் போயிற்று. மூன்றாவது பிரசிலியா. உள்நாட்டில் ஆளரவமில்லாத மேட்டில் குபிச்செக் என்ற ஜனாதிபதி கட்டவைத்து 1960 ஏப்ரல் 21இல் திறந்த ஊர். நகரத் திட்டம் லூசியு கோஸ்தா, கட்டடங்கள் ஆஸ்கர் நீமாயர். ஆக, நம்ம ஏணிக்காரப் பையன் 1959இல் பதில் சொல்லியிருந்தால் முழு மார்க். 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி, 1988இல் இப்போதுள்ள அரசியல் சட்டம், இதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, வாருங்கள், முடிந்தால் விடியுமுன் பால் வெட்டுகிற நேரத்தில். இந்த மரத்தின் அறிவியல் பெயர் ஹீவியா பிரசிலியென்சிஸ், அமேசான் காட்டு மரம். டயர் வந்த காலத்தில் உலகத்துக்கே ரப்பர் பெரும்பாலும் அங்கிருந்துதான், அந்தப் பணத்தில் காட்டு நடுவே மனவுஸ் நகரில் 1896இல் ஓபரா அரங்கமே திறந்தார்கள். அதற்கு 20 வருஷம் முன்பே, 1876இல், விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் 70,000 விதையை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். முளைத்தது 2,700 போல. அதில் பெரும்பங்கு இலங்கைக்கு வந்தது, பிறகு திருவிதாங்கூர் மலையடிவாரங்களுக்கும் ரப்பர் வந்தது. நம்ம மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சிதானே.

இப்போது பிள்ளையை இரண்டு மரத்துக்கு நடுவே நடக்கவிட்டு எத்தனை எட்டு வைக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாறு எட்டுக்கு ஒரு மரம், வரிசை பிசகாமல். அமேசானில் இப்படி இல்லை. மரங்கள் சிதறிக் கிடக்கும், வெட்டுகிற ஆள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட மரங்களைச் சுற்றிவருகிற ஒற்றையடிப் பாதையில் மணிக்கணக்காக நடப்பார். வரிசையாக நட்டால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே இலையைக் கருக்குகிற பூஞ்சை ஒன்று உண்டு, நெருக்கி நட்டால் மரத்துக்கு மரம் தாவிவிடும். ஹென்றி ஃபோர்டு 1928இல் ஃபோர்டுலாண்டியா என்று ஊரே கட்டி நட்டுப் பார்த்தார், 1945இல் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பூஞ்சை இங்கே வந்து சேராததால்தான் நம்ம விளையில் ஷீட் அடிக்கிறோம். அக்ரே மாநிலத்தில் சிக்கு மென்டிஸ் என்ற பால் வெட்டுத் தொழிலாளி காட்டை அழிக்கவிடாமல் சங்கம் சேர்த்தார், 1988 டிசம்பர் 22இல் வீட்டுப் பின்வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். புராஜெக்டில் ஒரே ஒரு ஆள் படம்தான் ஒட்டலாம் என்றால் நான் இவரை ஒட்டுவேன். பந்தடிக்கிறவர் படம் அக்கா மகளிடமே பத்து இருக்கிறது.

மொழிக்கு வீட்டுக்குள் சுற்றினால் போதும். சன்னல், அலமாரி, சாவி, மேசை, துவாலை, பாதிரி எல்லாம் போர்ச்சுகீசியம். அன்னாசி துப்பிச் சொல், போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்தது, ஆனால் பிரேசில்காரர்கள் இப்போது அதை 'அபகஷி' என்பார்கள். எங்கள் ஊர் அண்டி ஆபீசில் உடைக்கிற முந்திரியும் அங்கிருந்து வந்ததே. நாம் கொடுத்ததும் உண்டு: அங்கே மாம்பழம் 'மங்கா', சக்கை (பலா) 'ஜாக்கா'. ரியோவை ஒட்டிய திஜுகா காட்டில் இந்த ஜாக்கா காட்டு மரங்களை நெருக்கி வளர்ந்து தொல்லையாகிவிட்டது. உச்சரிப்பு ஒன்றே ஒன்று சொல்கிறேன், சொல்லின் முதலில் வருகிற 'ர' அங்கே 'ஹ' மாதிரி ஒலிக்கும்: ஹியோ, ஹொனால்டு.

கடைசியாக அடுப்படி. மரச்சீனியும் பிரேசில் பக்கத்துக் கிழங்குதான், திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பியது என்று சொல்வார்கள். பச்சைக் கிழங்கைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரை இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். மேல்தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் கிழங்கின் விஷம் இறங்கியிருக்கும், ஆடு மாடு குடிக்காத இடமாகப் பார்த்துக் கொட்டவும். மாவை இன்னொரு தடவை கழுவி, ஈரப்பதமாக இருக்கும்போதே சல்லடையில் சலியுங்கள், புட்டுமாவு பதம். எண்ணெய் தடவாமல் தோசைக்கல்லைச் சூடாக்கி மாவைத் தூவிப் பரப்புங்கள், ஒட்டுவதற்கு எதுவும் வேண்டாம், சூட்டில் தானே சேர்ந்து அடையாகும். திருப்பிப் போட்டு, தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் வைத்து மடியுங்கள். துப்பிகளின் பெஜு இதுதான், இன்றைக்கும் வடகிழக்கு பிரேசிலில் காலைச் சாப்பாடு. எனக்கு முதல் இரண்டும் ரப்பர் ஷீட் மாதிரி வந்தது, தீயைக் குறைத்த பிறகு சரியாயிற்று.