விவசாயிகளுக்கு இணைய உரை: பேராசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள், பையூரில் ஆராய்ச்சி நிலையம், ஓசூரில் கோழியினக் கல்லூரி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விஷயம் தெரிந்த ஆசிரியர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் சித்தேரி மலையிலிருந்தோ தளிப் பக்கத்திலிருந்தோ ஒருவர் பஸ் ஏறி அங்கே வந்து கேட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் வேலை போய்விடும். அந்த நாளை மிச்சப்படுத்தத்தான் இணைய உரை. கேட்டவர் மறுநாள் காலையில் வயலில் எதையாவது சரியாகச் செய்ய முடிந்தால்தான் அதில் பயன்.

முதலில் தலைப்பு. 'மா சாகுபடித் தொழில்நுட்பங்கள்' என்று வைத்தால் நடவிலிருந்து மாங்கூழ் வரை ஓட வேண்டியிருக்கும். ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு உரையில் ஒரு முடிவுக்கு மட்டும் உதவுங்கள். பெங்களூரா ரக மாமரங்களில் பூங்கொத்து எட்டிப்பார்க்கும் பருவத்தில் 'தத்துப்பூச்சிக்கு முதல் மருந்து எப்போது?' என்று வைத்தால் போதும். பூ முழுதாக விரிந்தபின் தெளித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் சாகும், காய்ப்பிடிப்பு குறையும் என்பதை அந்த நேரத்தில் கேட்டவர் கையை நிறுத்திக்கொள்வார். அறுவடை முடிந்து ஜூலையில் சொன்னால் அடுத்த பூ வருவதற்குள் மறந்திருப்பார்.

அதிகம் சேதம் செய்வது அளவுகளில் நடக்கும் தவறு. கையேட்டில் ஹெக்டேர் கணக்கு இருக்கிறது. ஊரில் ஏக்கரும் சென்ட்டும்தான். நடவு ராகிக்கு ஹெக்டேருக்கு 5 கிலோ விதை, 12.5 சென்ட் நாற்றங்கால் என்று திரையில் போட்டால் கேட்பவர் தலையில் வகுத்துக்கொண்டிருப்பார், அடுத்த இரண்டு வரி காதில் விழாது. ஏக்கருக்கு 2 கிலோ, 5 சென்ட் நாற்றங்கால் என்றே சொல்லிவிடுங்கள்.

சதவீதம் இன்னும் ஆபத்து. '2 சதவீத டிஏபி உரக் கரைசல்' என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 4 கிலோ. அத்தோடு செய்முறையும் வேண்டும்: முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அடிக்கசடோடு ஊற்றுவார்கள், நாசில் அடைத்துக்கொள்ளும், பழி ஸ்பிரேயர் மேல் விழும். பூச்சிக்கொல்லியில் 'லிட்டருக்கு 0.3 மில்லி' என்று முடித்துக்கொள்வதும் இதே வகைதான். 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 3 மில்லி, 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு என்று இரண்டையும் சொல்லுங்கள். பாட்டில் மூடியால் அளக்கும் பழக்கம் பரவலாக உண்டு. மூடியின் கொள்ளளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சை, மருந்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லி, கேமரா முன் ஒருமுறை அளந்து காட்டுங்கள். தக்காளி போன்று மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கும் பயிருக்கு, தெளித்த எத்தனையாம் நாள் பறிக்கலாம் என்று சொல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரைதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை 11 மணி அலுவலகத்துக்கு வசதி. அந்த நேரத்தில் பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்கள் மண்டியிலோ வயலிலோ இருப்பார்கள். மாலை ஐந்து, ஆறு மணி பால் கறக்கும் வேளை. இரவு ஏழரைக்குத் தொடங்கி எட்டே காலுக்கு முடிப்பதே இங்கே ஒத்துவரும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்பதையும், 100 பேருக்கு மேல் உள்ளே வர முடியாது என்பதையும் முன்பே கணக்கில் வையுங்கள். யூடியூப் நேரலை என்றால், புதிய சேனலில் அந்த வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். உரைக்கு ஒரு மணி நேரம் முன்பு முயன்றால் நடக்காது.

திரையில் காட்டும் பக்கங்களைக் கல்லூரியில் பெரிய திரையில் பார்த்துச் சரி என்று முடிவு செய்வார்கள். கேட்பவர் கையில் இருப்பது உள்ளங்கை அளவு போன். பக்கத்துக்கு நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் போனிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் புரியாத குறிகளாக மாறும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி வைப்பது பாதுகாப்பு. படம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லை என்றால் வெளியேறிவிடுவார்கள். சட்டையில் மாட்டும் காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரே அறையில் இரண்டு கருவிகள் இணைந்திருந்தால் ஒன்றின் மைக்கையும் ஒலியையும் அணைக்காதவரை எதிரொலி போகாது.

கேள்வி நேரத்தில் படிப்பாளிகளும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒரே ஒரு மங்கலான புகைப்படத்தைப் பார்த்து மருந்து சொல்வது. தக்காளி இலை சுருள்வது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம், இலைப்பேனாக இருக்கலாம், பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்ததாகவும் இருக்கலாம். வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது, பிடுங்கி அழிக்க வேண்டும். அவசரமாக ஒரு பெயரைச் சொன்னால் வீண் செலவு அவருடையது. முழுச்செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், வயல் என நான்கு படங்கள், நட்ட தேதி, கடைசிப் பத்து நாளில் தெளித்தவை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் தெளிவு குறையாது. அப்போதும் சந்தேகம் இருந்தால், செடியைப் பிடுங்கி நேரில் கொண்டுவரச் சொல்வதில் தயங்க வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் ஏராளம். அவர்கள் அதே மொழியில் கேட்டால் அந்த மொழி தெரிந்தவர் ஒருவர் பதில் சொல்ல உடன் இருப்பது நல்லது.

பதிவை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். வரவேற்புரையை வெட்டிவிட்டு, ஒரு கேள்விக்கு ஒரு துண்டு என ஐந்து நிமிட அளவில் பிரியுங்கள். தேதியைத் தலைப்பிலேயே போடுங்கள். எண்டோசல்பான் பூச்சிக்கொல்லிக்கு 2011-இல் தடை வந்தது. டைக்குளோர்வாஸ், போரேட் இரண்டும் 2020 டிசம்பர் 31 முதல் தடைப்பட்டன. அதற்கு முந்தைய உரையில் இவற்றைப் பரிந்துரைத்திருந்தால், அந்தக் காணொளி இன்றும் யாருடைய போனிலோ ஓடிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பழைய பதிவுகளைப் பார்த்து, தடைப்பட்ட மருந்தின் பெயர் வரும் துண்டை எடுத்துவிடுங்கள்.