பீட்சாவுக்கு மதிப்பெண் இடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கம்பக்கத்து உணவகங்களிலும் பார்சல் கடைகளிலும் பீட்சா வாங்கிச் சுவைத்து, குறிப்பெழுதி, மதிப்பெண் இடும் பழக்கம் பலருக்கும் தொற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாகத் தொடங்கியவர்கள் சிலர் தங்கள் குறிப்புகளை என்னிடம் காட்டுவதுண்டு. இத்துறையில் முன்னே வந்தவர்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் வரிசைகூட மாறாமல் அவற்றில் திரும்ப வருகின்றன. கொதிக்கக் கொதிக்கக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வது, கடும் பசியோடு போய் எதைத் தின்றாலும் புகழ்வது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டால் தாமே திருந்திக்கொள்வார்கள். பட்ட பிறகும் தவறென்று தெரியாமலே தொடர்பவை சில உள்ளன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லா வகைக்கும் ஒரே அளவுகோல்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணிப் பீட்சாவின் நடுப்பகுதி மென்மையாகவும் ஈரமாகவும்தான் இருக்கும். அந்நகரில் 1984-ல் தொடங்கப்பட்ட பீட்சா சங்கம் வகுத்த முறைப்படி, 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய விறகடுப்பில் 60 முதல் 90 நொடிக்குள் அது வெந்துவிடுகிறது. அவ்வளவு குறைந்த நேரத்தில் மாவிலுள்ள நீர் முழுவதும் வெளியேற வழியில்லை. ஓரம் உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளிகள் விழுந்து, நடுப்பகுதி தொய்ந்து இருப்பதே அந்தப் பாணியின் இலக்கணம். அந்தத் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, நுனி தொங்குகிறது என்று மதிப்பெண்ணைக் குறைப்பவர், வேறொரு பாணியின் இலக்கணத்தைக் கொண்டுவந்து இதன்மீது சுமத்துகிறார். நுனி தொங்காமல் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியூயார்க் பாணிக்குப் பொருந்தும். அங்கே பீட்சா பெரியதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். சற்றுக் குறைந்த வெப்பத்தில் கூடுதல் நேரம் வேகும். துண்டை நீளவாக்கில் மடித்தால் கையில் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

1946-ல் டெட்ராய்ட்டில் பிறந்த வகையோ செவ்வக வடிவ எஃகுத் தட்டில் வேகிறது. சீஸைத் தட்டின் விளிம்பு வரை பரப்புவதால் அது உருகி வழிந்து, சுவரை ஒட்டியபடியே பொன்னிறத்தைத் தாண்டிக் கருஞ்சிவப்பாக மொறுமொறுக்கும். அந்த ஓரத்தைக் கருகல் என்று எழுதியிருந்த குறிப்பொன்றைப் படித்தபோது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. அந்த ஓரத்துக்காகவே அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சிகாகோவின் ஆழமான வகையில் தக்காளி மேலே வரும், சீஸ் அடியில் போகும். வேக அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அங்கே காத்திருக்க வைத்ததைக் குறையாக எழுதுவது நியாயமில்லை. கடை எந்தப் பாணியில் செய்ய முயல்கிறது என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த முயற்சி எவ்வளவு தூரம் கைகூடியது என்பதற்கே மதிப்பெண். எந்தப் பாணி உங்களுக்குப் பிடிக்கும் என்பதைத் தனி வரியில் எழுதலாம்.

பெட்டியில் புழுங்கியதற்குக் கடையைக் குற்றம் சொல்வது

இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. மற்றவற்றால் உங்கள் குறிப்பேடு மட்டுமே கெடும். இதனால் கடைக்காரரின் பிழைப்பும் சேர்ந்து கெடுகிறது.

அடுப்பிலிருந்து வெளிவரும் நொடியில் பீட்சாவின் அடிப்புறம் உலர்ந்து மொறுமொறுப்பாக இருக்கிறது. அதற்கு மேலுள்ள மென்பகுதியிலும் சாஸிலும் சீஸிலும் நீர் நிறைந்திருக்கிறது. உலர்ந்த பகுதியை நோக்கி அந்த நீர் நகர்வது அப்போதே தொடங்கிவிடும். மூடிய அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் ஆவி வெளியேற இடமில்லாமல் மூடியில் படிந்து, நீர்த்துளியாகத் திரும்ப விழும். அடியில் அகப்பட்ட ஆவி, அடிப்புறத்தைக் கீழிருந்தும் நனைக்கும். இதற்கிடையே வெப்பம் குறையக் குறைய, உருகியிருந்த பால்கொழுப்பு உறைந்து சீஸ் ரப்பர் பதத்துக்குப் போகும். மாவிலுள்ள மாவுச்சத்தும் மெல்ல இறுகத் தொடங்கும். நனைந்த அடி, இழுபடும் சீஸ், சவச்சவென்ற ஓரம் ஆகிய மூன்றும் ஒருசேர வந்து நிற்பது சமையலறையின் குறையால் அல்ல. நீங்கள் வீடு வந்து சேர்ந்த நேரத்தால்.

புதியவர் ஒருவர் என்னிடம் காட்டிய குறிப்பில், ஒரு சிறு பார்சல் கடையின் பீட்சா ஈரத்துணி போல் இருந்தது என்று எழுதிப் பத்துக்கு மூன்று போட்டிருந்தார். எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். வாங்கியபின் வழியில் வேறொரு வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம்; இடையில் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. பெட்டி அதுவரை திறக்கப்படவே இல்லை. அடுத்த வாரம் அவரை அதே கடைக்கு அழைத்துச் சென்று அதே பீட்சாவைச் சொன்னேன். பெட்டி வேண்டாம், தாளில் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, கவுன்ட்டரிலேயே நின்று சாப்பிட்டோம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது துண்டு நீட்டி நின்றது, நுனி மட்டும் சற்றே தாழ்ந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுவதும் பழுப்புப் புள்ளிகள், இடையிடையே வெளிறிய மாவு. நகத்தால் தட்டினால் ஓசை கேட்டது. கடித்ததும் முதலில் உடைந்து, பிறகுதான் மென்மை தெரிந்தது. அவர் தமது மதிப்பெண்ணை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். ஆனால் பழைய மூன்றை அதற்குள் அவருடைய நண்பர்கள் பலர் படித்துவிட்டிருந்தார்கள்.

இதனால் விளையும் இழப்பு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு கடையில் மெல்லிய அடி கொண்ட மிக நல்ல பீட்சா கிடைத்துவந்தது. சொதசொதவென்று இருக்கிறது என்ற குறிப்புகள் தொடர்ந்து வந்ததில் மனம் சலித்துப்போன உரிமையாளர், மாவில் நீரைக் குறைத்து, அடியைத் தடிமனாக்கி, கூடுதல் நேரம் வேகவிடத் தொடங்கினார். பெட்டியில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் இப்போது அது நனைவதில்லை. அங்கேயே அமர்ந்து சாப்பிட வருபவர்களுக்கோ பழைய பீட்சா இனி கிடைக்காது. புகார் எழுதியவர்களில் ஒருவரேனும் வாங்கிய நேரத்தையும் உண்ட நேரத்தையும் சேர்த்து எழுதியிருந்தால், குறை எங்கே நேர்கிறது என்பது உரிமையாளருக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே, முதல் துண்டை எப்போதும் கடையிலேயே சாப்பிடுங்கள். உட்கார இடமில்லாவிட்டால் வாசலில் நின்று சாப்பிடுங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் சீஸ் சற்று அடங்கி, சுவை தெளிவாகத் தெரியும். அதுவே மதிப்பெண் இடுவதற்கு உரிய நேரம். எஞ்சியதை எடுத்துச் செல்வதானால் பெட்டியின் மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வையுங்கள். பெட்டியைச் சாய்த்துப் பிடித்தோ, துணிப்பைக்குள் திணித்தோ கொண்டுபோகாதீர்கள். வீட்டில் சாப்பிட்ட துண்டுக்குத் தனி மதிப்பெண், பக்கத்திலேயே எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற குறிப்பு. சூடாக்க வேண்டியிருந்தால் கனமான வாணலியில் மிதமான தீயில் அடிப்புறம் படும்படி வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் அடி மேலும் சவச்சவென்றாகும். சூடாக்கிய துண்டை எந்த வகையிலும் முதல் மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உட்கார்ந்து சாப்பிட வசதியே இல்லாமல் டெலிவரிக்காக மட்டுமே நடத்தப்படும் கடை, வீடு வந்து சேரும் பீட்சாவுக்கும் பொறுப்பேற்றிருக்கிறது. அப்படிப்பட்ட கடையை வீட்டில் கிடைத்ததை வைத்து மதிப்பிடுவதே சரி. பெட்டியில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா, மூடியின் உட்புறம் சீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி அமுங்காமல் நடுவே நிறுத்தும் மூன்று கால் பிளாஸ்டிக் துண்டை அமெரிக்காவின் கார்மெலா விட்டாலே என்பவர் 1985-ல் காப்புரிமை செய்தார். அவ்வளவு எளிய ஒரு பொருளை வைக்க ஒரு கடை நினைத்ததா, பெட்டியில் போடுமுன் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வைத்து ஆவியைப் போகவிட்டதா என்பவையெல்லாம் அங்கே மதிப்பெண்ணுக்கு உரியவை. அங்கேயே சாப்பிடக்கூடிய கடையில் அவற்றைத் தனிக் குறிப்பாக மட்டும் எழுதுங்கள்.

முதல் முறையே எல்லா டாப்பிங்கும் கேட்பது

ஒரு கடையை அறிய வேண்டுமானால் அங்கே கிடைப்பதிலேயே எளிமையான பீட்சாவை வாங்க வேண்டும்: தக்காளி, சீஸ், வேண்டுமானால் பேசில் எனும் இத்தாலியத் துளசி. மாவு எவ்வளவு நேரம் புளித்தது, உப்பு சரியாக இருக்கிறதா, தக்காளியில் புளிப்பும் இனிப்பும் எப்படி இணைகின்றன, சீஸ் நல்ல மொசரெல்லாவா என்பதெல்லாம் அதில் ஒளிய இடமின்றித் தெரியும். குளிர்பதனத்தில் ஒருநாள் அல்லது இரண்டு நாள் மெதுவாகப் புளித்த மாவுக்கு இலேசான நறுமணமும், ஓரத்தில் பெரிதும் சிறிதுமான காற்றறைகளும் இருக்கும். அவசரமாக ஈஸ்ட் கூட்டி உப்பவைத்த மாவு ஒரே சீராக, ரொட்டியைப் போல நெருக்கமாக இருக்கும். ஈஸ்ட்டின் வாடையும் எழும்.

காளான், குடைமிளகாய், வெங்காயம் என்று அடுக்கும்போது இன்னொன்றும் நேர்கிறது. பச்சைக் காய்கள் வேகும்போது நீர் விடுகின்றன; அந்த நீர் நடுப்பகுதியில் தேங்கி மாவை வேகவிடாமல் செய்கிறது. நான்கைந்து டாப்பிங் கேட்டு வாங்கிவிட்டு, நடுவில் வேகவில்லை என்று எழுதுபவர்கள் தாங்கள் கேட்டதையும் சேர்த்து எழுத வேண்டும். காரமான டாப்பிங்கையும் முதல் முறை தவிருங்கள். மிளகாயின் எரிச்சல் சிறிது நேரம் நாக்கில் நின்று, தக்காளியின் நுட்பத்தை மறைத்துவிடும்.

அடிப்புறத்தைப் பாராமல் மதிப்பிடுவது

துண்டைத் திருப்பிப் பாருங்கள். பிறகு வெட்டுப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். சாஸுக்குக் கீழே ஒளி ஊடுருவுவது போன்ற பசைப்பட்டை மெல்லியதாக இருந்தால் அது பெரும்பாலும் சாஸின் ஈரம். தடித்து, பல்லில் ஒட்டினால் மாவு வேகவில்லை. அடுப்பு போதிய சூடாகுமுன் உள்ளே தள்ளியதோ, சாஸை மிகுதியாக ஊற்றியதோ காரணமாக இருக்கலாம். மேலே சீஸ் எவ்வளவு அழகாகப் பொங்கியிருந்தாலும் இந்தக் குறையை அது ஈடுசெய்யாது.

ஒரே மாலையில் பல கடைகள்

முதலில் உண்பது எப்போதும் கூடுதல் மதிப்பெண் வாங்கும். பசியின் பங்கு அதில் பெரிது. மூன்றாவது கடைக்குள் நுழையும்போது வாய் முழுவதும் கொழுப்புப் படிந்து, வயிறு நிறைந்து, எதுவும் சுவைக்காது. ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் இரண்டு கடைகளோடு நிறுத்துங்கள். இடையில் வெறும் தண்ணீரும் உப்பில்லாத ஒரு பிஸ்கட்டும் போதும், குளிர்பானம் வேண்டாம். அடுத்த முறை வரிசையைத் திருப்பி, இரண்டாவதாகப் போன கடைக்கு முதலில் போங்கள். வரிசை மாறியும் முடிவு மாறவில்லையென்றால் அதை நம்பலாம்.

7.3, 7.4

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்களால் சொற்களில் விளக்க முடியாவிட்டால் தசமத்தை விட்டுவிடுங்கள்.

கூட வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதுவது

எழுதி முடித்த பிறகு பேசுங்கள்.

விட்டத்தை மட்டும் பார்த்து விலையை ஒப்பிடுவது

பீட்சாவின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14 அங்குலப் பீட்சா 10 அங்குலத்தைவிட நான்கு அங்குலமே அகலம். பரப்பிலோ ஏறக்குறைய இரு மடங்கு. கட்டுப்படியாகும் விலையா என்பதற்கும் மதிப்பெண் இடுபவர்கள் பரப்பைக் கணக்கிட்ட பிறகே எழுத வேண்டும். கடை சொல்லும் அளவை அப்படியே எழுதாமல் ஒருமுறை நாடாவால் அளந்துபார்ப்பதும் நல்லது. சுடும்போது மாவு சுருங்குவதால் அரை அங்குலம் குறைவது இயல்பு, அதற்கு மேல் குறைந்தால் குறிப்பில் சேருங்கள். ஆனால் இந்தக் கணக்கைச் சுவைக்கான மதிப்பெண்ணோடு கூட்டாதீர்கள். பெரியதாக இருப்பதால் சுவை கூடுவதில்லை.

ஒரு முறை சென்று முடிவு கட்டுவது

மாவு உயிருள்ள பொருள். அறையின் வெப்பம் ஏறினால் விரைவாகப் புளிக்கும், குளிர்ந்தால் தாமதிக்கும். கூட்டம் அதிகமான மாலையில் அடுப்பின் தரை சூடு இழந்து, மேல்புறம் வெந்தும் அடிப்புறம் வெளிறியும் வரும். கடை திறந்த உடனே போனால் அடுப்பு முழுச் சூட்டை எட்டியிருக்காது. அதனால் கூட்டமில்லாத வேளையில் ஒரு முறையும், நெரிசலான வேளையில் ஒரு முறையும் சென்று, அதே எளிய பீட்சாவையே வாங்குங்கள். இரண்டு மதிப்பெண்களும் நெருங்கி வந்தால் அந்தக் கடையின் கை திருந்திய கை என்று எழுதலாம். வெகுவாக வேறுபட்டால் சராசரி எடுக்காமல், நாளையும் வேளையையும் குறித்து இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். எந்த வேளையில் அந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதைப் படிப்பவர் தாமே தெரிந்துகொள்வார்.